கூஸ் கூட்டில் ஓர் இரும்பாணி

1

சரளைக்கல் ரோட்டில் நடக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் இருக்கும். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. பஸ் நிற்கும் பெரிய ரோட்டுக்கு இன்னும் எட்டுக் கிலோமீற்றர் கிடந்தது. இரண்டு பக்கக் கானிலும் பனி உருகிய தண்ணீர் தேங்கி, விரல் நகமளவு தவளைகள் நூற்றுக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தன. நான் கிட்டப் போனால் கத்தல் நிற்கும். கடந்ததும் முதுகுக்குப் பின்னால் திரும்பத் தொடங்கும்.

கனடாவில் இறங்கிப் பதினொரு வருடம் நிறைந்த நாள் அது. வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து நடந்திருக்கிறேன். காளான் பண்ணையிலிருந்து நடந்திருக்கிறேன். றிச்மண்ட் ஹில்லில் பனி அள்ளும் வேலையை விட்டு, அள்ளாத பனிக்குள்ளேயே நடந்து போயிருக்கிறேன். அப்போதெல்லாம் பசிதான் இருந்தது. இந்த முறை பயம் இருந்தது.

காரணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு ஆனி மாதம் வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. ஆவணியில் திருச்சியில் என் மகள் தர்சினிக்குக் கல்யாணம். அவளைக் கடைசியாகக் கண்டபோது அவளுக்கு நாலு வயது. தாயும் அவளும் மன்னாரிலிருந்து படகில் அக்கரைக்குப் போனார்கள். நான் அடுத்த படகில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போனேன். பாங்கொக், எக்குவடோர், கடைசியில் கனடா எல்லையில் ஒரு பாலம். இங்கே அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தை வைத்து இரண்டு முறை இந்திய விசா கேட்டேன். இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. கனடாப் பாஸ்போர்ட் கிடைத்தால்தான் கல்யாணத்துக்குப் போகலாம். சத்தியப்பிரமாணம் செய்யும்வரை என் பெயரில் எந்த வழக்கும் விழக்கூடாது.

அப்படியிருக்க, ஒரு வாத்தின் முட்டைகளால் என் பெயர் அதிகாரி ஒருவரின் கொப்பியில் ஏறியது.

2

விடுதி ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். பழைய பண்ணை வீடு, பதினாலு அறை, பின்னால் ஒரு குளம். நகரத்து ஆட்கள் சனி ஞாயிறில் வந்து, மரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். குசினியில் இருந்தவர் சிவம் அண்ணை, புங்குடுதீவு. அவர் சொல்லித்தான் பங்குனிக் கடைசியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். கராஜுக்கு மேலே ஓர் அறையும் தந்தார்கள்.

இங்கே வசந்தம் மூன்று கிழமைக்குள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடும். ஒரு நாள் நிலம் இரும்பு மாதிரிக் கிடக்கும். அடுத்த கிழமை மண்வெட்டி தானாக இறங்கும். கடையில் முளைவிடவைத்து விற்ற ரியூலிப் கிழங்குகளை ஒவ்வொன்றாக நட்டேன். கோடுபோட்ட அணில் ஒன்று பின்னாலேயே வந்து கிண்டி எடுத்தது. இலை விட்டதை முயல் கடித்தது. மிஞ்சிப் பூத்ததை மான் வந்து தலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டை எனக்கு விட்டுப் போனது. மானை விரட்ட, வாசச் சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சாக்குத் துணியில் கட்டி மரத்தில் தொங்கவிடச் சொன்னார்கள். மான் சவர்க்காரத்தை மணந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தது.

எதையும் அடிக்கக்கூடாது, பொறி வைக்கக்கூடாது. விடுதிக்காரி லின்டாவின் சட்டம் அது. வருகிறவர்கள் அவற்றைப் பார்க்கத்தான் வருகிறார்கள். முன்கதவில் தொங்கிய பூ வளையத்துக்குள் ஒரு ராபின் குருவி கூடு கட்டியபோது கதவையே பூட்டிவிட்டு, எல்லோரையும் பக்கக் கதவால் வரச்செய்தார்கள். என் வாழ்க்கையில் வீட்டை விட்டு எழும்பச் சொன்னவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். ஒரு குருவிக்காக வாசலை விட்டுக்கொடுத்தவர்களை அங்கேதான் கண்டேன். அதனால் லின்டாவைப் பற்றி இனிமேல் சொல்லப்போவதை வைத்து அவரைக் கெட்டவர் என்று எடுக்க வேண்டாம்.

குடியுரிமைக்கு நான் ஏன் இவ்வளவு பிந்தி விண்ணப்பித்தேன் என்று கேட்பீர்கள். ஆங்கிலச் சோதனையில் இரண்டு தரம் தவறினேன். ஊரில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டினால் சோதனை தேவையில்லை என்று ஸ்காபரோவில் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் பத்மா சொன்னாள். மற்றவர்கள் படித்துத் தேறிய இடத்தில் நான் வயதுபோய்த் தேறினேன்.

3

சித்திரை நடுவில் கூஸ் வந்தது. ஊர் வாத்து மாதிரி அல்ல. கறுத்த நீளக் கழுத்து, கன்னத்தில் வெள்ளைப் பட்டை, நிமிர்ந்தால் இடுப்பளவு வரும். பெரிய குளத்தை விட்டுவிட்டு, முன்படிக்குப் பக்கத்தில் இருந்த கல் பூத்தொட்டியில் பெண் கூஸ் முட்டையிட்டது. ஆறு முட்டை. ஆண் கூஸ் படியில் நின்று வருகிறவர் போகிறவரை எல்லாம் செட்டை விரித்து அடித்தது. அதன் செட்டை எலும்பு உலக்கைக்குச் சமம்.

வைகாசி மூன்றாம் சனிக்கிழமை அந்தப் படியில்தான் ஒரு கல்யாணம் நடக்க இருந்தது. குளிர்காலம் முழுக்கக் காலியாகக் கிடந்த விடுதிக்கு அதுதான் முதல் பெரிய வரவு. கூட்டை அகற்ற அனுமதி கேட்டு லின்டா விண்ணப்பித்திருந்தார். பதில் வரவில்லை. ஒரு நாள் நான் மண் கிளறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். இரவில் திரியும் ரக்கூன் என்ற பிராணி வந்து முட்டைகளை எடுத்துப் போவது வருடா வருடம் நடப்பதுதான் என்றார். ரக்கூனிடம் யாரும் விசாரணை வைப்பதில்லை என்றும் சொன்னார். பிறகு என் மண்வெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிவம் அண்ணையிடம் சொன்னேன்.

"தொட்டிடாதை ராசன். இந்த நாட்டில ஆளைத் தொட்டால் ஒரு கேஸ், கூஸைத் தொட்டால் ரெண்டு கேஸ். முட்டையைத் தொடவும் பெர்மிற் வேணும்."

பத்மாவுக்கும் போன் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணை, சத்தியம் எடுக்கிற வரைக்கும் சிவப்பு லைற்றில ரோட்டைக் கூடக் கடக்காதேங்கோ. விளங்குதோ? ஒரு சார்ஜ் விழுந்தாலும் எல்லாம் நிண்டு போம்."

அதன்பிறகு, ரக்கூன் வராமல், கூட்டைச் சுற்றி நாலு தடி நட்டுக் கம்பிவலை அடித்தேன். பக்கத்தில் கதவு மாதிரி ஒன்று விட்டேன், பெண் கூஸ் தண்ணீருக்குப் போய்வர. லின்டா வந்து பார்த்தார். நல்ல வேலை என்றார். அவருடைய முகத்தில் அந்த மெச்சல் இல்லை.

4

வருடத்தின் முதல் இடிமழை ஒரு பின்னேரம் வந்தது. மேற்கே வானம் கறுத்து, குளத்தில் காற்று கோடு இழுத்தது. தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டது. பெண் கூஸ் மேயப் போயிருந்தது. முட்டைகளைத் தன் நெஞ்சுத் தூவியால் மூடிவிட்டுப் போயிருந்தது.

வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த ஒவ்வொரு கொட்டிலிலும் நாங்கள் கோழி வைத்திருந்தோம். அடை வைக்கும்போது கடகத்தில் முட்டையோடு ஓர் இரும்பாணி, ஒரு கரித்துண்டு, இரண்டு மூன்று செத்தல் மிளகாய் போடுவோம். போடாவிட்டால் இடிமுழக்கத்தில் முட்டை கூழாகிவிடும் என்பார்கள். ஷெல் விழுந்த நாட்களிலும் அதையேதான் போட்டோம். வேறு என்ன போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். இறைச்சி வாட்டும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்தேன். சிவம் அண்ணையின் போத்தலில் மூன்று செத்தல் எடுத்தேன். சுத்தியலும் குறடும் கிடந்த ஆயுதப் பெட்டியில் ஓர் ஆறங்குல ஆணி, துருப்பிடித்தது. கூட்டின் ஓரத்தில், தூவிக்குள், மூன்றையும் செருகினேன். முட்டையில் விரல் படவில்லை. திரும்பும்போது ஆண் கூஸ் முழங்கைக்குக் கீழே அடித்தது. அந்தக் கண்டல் பத்து நாள் நின்றது. பெண் கூஸ் ஓடிவந்து அமர்ந்தது. உடனே தலைக்கு மேலே இடி விழுந்தது. கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காரியம் ஒன்று செய்த நிம்மதி இருந்தது.

5

இரண்டு நாள் கழித்து, மேல்மாடி அறையில் தங்கியிருந்த ஒரு பெண் நீளக் குழாய்க் கமராவால் கூட்டைப் படமெடுத்தார். கணினியில் பெருப்பித்துப் பார்த்தால் துருவேறிய ஆணி, கறுத்த ஏதோ, சிவந்த ஏதோ. வாத்துக்கு யாரோ நஞ்சு வைத்து, முட்டையைக் குத்தவும் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். குற்றம் சொல்ல முடியாது. அந்தப் படத்தைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

வனவிலங்கு அதிகாரி பிக்கப் வாகனத்தில் வந்தார். முப்பது வயதுப் பெண், இடுப்பில் பட்டி, அதில் எல்லாம் தொங்கியது. லின்டாவை, சிவம் அண்ணையை, என்னை முன்வாசலில் நிறுத்திக் கேட்டார். இதை வைத்தது யார்?

"இங்கிலீஸ் தெரியாதெண்டு சொல்லு," என்று சிவம் அண்ணை வாயைத் திறக்காமல் சொன்னார். "மிச்சத்தை நான் பாக்கிறன்."

லின்டா முந்திக்கொண்டார். கூட்டைத் தொடும்படி தான் யாருக்கும் சொன்னதில்லை, தோட்டம் முழுக்க ராசனின் பொறுப்பு என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இடியைக் காட்டினேன். வானத்தைக் காட்டினேன். கையால் முழக்கம் செய்து காட்டினேன். எங்கள் நாட்டில் கோழிக்கு இப்படிப் போடுவோம், இடி முட்டைக்குக் கூடாது என்றேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"போட்டால் முட்டை தப்புமா?"

"தெரியாது மேடம். நாங்கள் போடாமல் விட்டுப் பார்த்ததில்லை."

அவர் சிரிப்பை அடக்கினாரா, கோபத்தையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு குடையை விரித்து ஆண் கூஸைத் தள்ளி நிறுத்திவிட்டு, கூட்டை ஆராய்ந்தார். ஆறு முட்டை, வெடிப்பு இல்லை. ஆணியையும் கரியையும் மிளகாயையும் தனித்தனிப் பைகளில் போட்டு இலக்கம் எழுதினார். இந்த நாட்டில் எனக்கு ஓர் இலக்கம் கிடைக்க வருடங்கள் போயின, என் செத்தல் மிளகாய்க்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

பிறகு மெல்லக் கேட்டார். முட்டைகளை அகற்றும்படி யாராவது உங்களிடம் சொன்னார்களா?

லின்டா பூத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். கராஜ் அறை வேண்டும். இல்லை என்றேன்.

என் நிரந்தர வதிவிட அட்டையை வாங்கிப் பெயரை எழுதினார். முட்டை பொரித்தால் எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு முடியும், பொரிக்காவிட்டால் வேறு மாதிரிப் பார்க்க வேண்டிவரும் என்றார். பொரிக்க இரண்டு கிழமைக்குக் கிட்ட ஆகலாம், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாகனம் மறைந்ததும் சிவம் அண்ணை ஏப்ரனில் கையைத் துடைத்தார்.

"மிளகாயும் போட்டனி, கரியும் போட்டனி. உப்பை ஏனடா விட்டனி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6

அந்த நாட்களை எப்படிச் சொல்வது. என் மகளின் கல்யாணத்துக்கு நான் போவதா இல்லையா என்பதை ஒரு வாத்து தன் வயிற்றுக்குக் கீழே வைத்திருந்தது. குளிர் மழை பெய்தால் பயம். வெயில் கூடினால் பயம். அது மேயப் போய்ப் பத்து நிமிடம் பிந்தினால், குளக்கரையில் நின்று மனதுக்குள் ஏசினேன். ஆமை ஒன்று குளத்திலிருந்து ஏறிவந்தபோது மண்வெட்டியோடு குறுக்கே நின்றேன். பிறகு அதுவும் சட்டத்தால் காக்கப்பட்ட பிராணியாக இருக்கலாம் என்று மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

தர்சினி தொலைபேசி எடுத்தாள். அவள் முகாமில் வளர்ந்து திருச்சியில் படித்தவள். பேச்சு முழுக்க அந்த ஊர்ப் பேச்சு. நான் பேசினால் அவளுடைய தோழிகளுக்குச் சிரிப்பு வருமாம்.

"அப்பா, பத்திரிகை அடிக்கக் கொடுக்கணும். நீங்க வருவீங்களா, மாட்டீங்களா? தெளிவா சொல்லுங்கப்பா."

"வாறன் எண்டுதான் இருக்கிறன், பிள்ளை."

"இருக்கிறன்னா? வரலைன்னா மாமா தாரை வார்க்கறேன்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் கோவம் இல்லப்பா. பேரு போடணும், அதான்."

கோபம் இல்லை என்று அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. கோபித்திருந்தால் தகப்பன் என்று நினைத்திருக்கிறாள் என்று எடுத்திருப்பேன். ஒரு கிழமை தவணை கேட்டேன். சரிப்பா என்றாள்.

அடுத்த நாள் மரப்பட்டைத் தூள் வாங்கிவர லின்டா என்னை நகரத்துக்கு அனுப்பினார். போய்வர மூன்று மணித்தியாலம். கொட்டகையில் ஏற்கனவே பத்து மூட்டை இருந்தது. குசினிக்குப் போனேன்.

"அண்ணை, கூட்டை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ."

"நான் சமைக்கிறதோ, கூஸுக்குக் காவல் நிக்கிறதோ?"

திரும்பி வந்தபோது அவர் முன்படிக்குக் கிட்ட ஒரு கதிரையில் இருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஆண் கூஸ் நின்று அவரை முறைத்தது.

"லின்டா ரெண்டு தரம் வந்தவ," என்றார். "கையில வாளி. என்னைக் கண்டிட்டு, ரியூலிப்புக்குத் தண்ணி ஊத்த வந்தனான் எண்டா. ரியூலிப்பைத்தான் மான் எப்பவோ திண்டிட்டுதே."

விடுதிக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், ஒரு முட்டையில் மிளகளவு ஓட்டை தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கீச்சல். மத்தியானத்துக்குள் மூன்று, பின்னேரத்துக்குள் ஐந்து. மஞ்சளும் சாம்பலுமாக, ஈரத்தோடு, தாயின் செட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. அடுத்த நாள் காலை தாய் ஐந்தையும் கூட்டிக்கொண்டு குளத்துக்கு நடந்தது. ஆண் கூஸ் பின்னால் போனது. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆறாவது முட்டை கூட்டில் கிடந்தது.

எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்க்கக் கை போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ரக்கூன் எடுத்துப் போனால், ஆறில் ஐந்துதான் கணக்கில் நிற்கும். மிச்சம் எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். சிவம் அண்ணை அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் வரும்வரை நாலரை மணித்தியாலம், செத்த முட்டை ஒன்றுக்குக் காவல் இருந்தேன். உள்ளே லின்டாவின் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வந்தார். குளத்தைப் பார்த்து விரல் நீட்டி ஐந்து எண்ணினார். முட்டையை எடுத்துக் காதுக்குக் கிட்ட ஆட்டினார். களக் களக் என்றது.

"ஆறில் ஒன்று இப்படிப் போவது சாதாரணம்," என்றார்.

மஞ்சள் தாளில் எச்சரிக்கையை எழுதிக் கிழித்துத் தந்தார். இது வழக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் இல்லை என்றார். படியில் குந்திவிட்டேன்.

7

அவர் போன பிறகு லின்டா என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. அதில் இரண்டு விடயம். நான் என் விருப்பப்படி, விடுதிக்குத் தெரியாமல், கூட்டில் பொருட்களை வைத்தேன். முட்டைகளை அகற்றும்படி விடுதியில் யாரும் எனக்கு எக்காலத்திலும் சொல்லவில்லை. கையெழுத்து வைத்தால் இலையுதிர்காலம்வரை வேலை. இல்லாவிட்டால் கராஜ் அறை கல்யாணப் பாட்டுக்காரருக்குத் தேவை. அவருக்கும் இழக்க ஒரு வீடு இருந்தது.

முதலாவது உண்மை. இரண்டாவது உண்மையில்லை. அதிகாரியிடம் அதை வாயால் சொல்லிவிட்டேன். அது என்னோடு போகும். தாளில் எழுதினால் எனக்குப் பிறகும் இருக்கும். பாங்கொக்கில் ஒரு முறை வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைத்து ஏழு மாதம் உள்ளே இருந்தவன் நான். இந்தத் தாளை வாசிக்க முடிந்தது. அதனால்தான் வைக்க முடியவில்லை.

"வைச்சிட்டு இரடா," என்றார் சிவம் அண்ணை. "கோடை முழுக்கச் சோறும் கட்டிலும். ஆர் வந்து வாசிக்கப் போகினம்?"

"ஆரும் வாசிக்க வேண்டாம் அண்ணை."

அவர் பாணுக்குள் மீன் பொரியல் வைத்துச் சுற்றித் தந்தார். நான் நடக்கத் தொடங்கினேன். மிச்சத்தை முதலே சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் பத்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மஞ்சள் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து அவளே திரும்ப அழைத்தாள்.

"எச்சரிக்கை தானே அண்ணை. சார்ஜ் இல்லை. சத்தியத்தண்டு பத்திரத்தில கேட்டால், சார்ஜ் இல்லை எண்டு போடுங்கோ, அது உண்மை. ஆனா பாஸ்போட் வந்து, விசா வந்து, ஆவணிக்குள்ள எண்டால்... அதை நான் சொல்ல ஏலாது."

ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், ஒரு பழைய அறைநண்பனின் பேஸ்மென்ரில் படுத்தேன். காலையில் அவனே ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலைக்கு இறக்கிவிட்டான். கல்யாண மண்டபங்களுக்கு மணவறை சோடிக்கும் ஆட்கள். முதலாளி ஜெயந்தன், நாற்பது வயதிருக்கும். கையில் கோப்பி, காதில் தொலைபேசி.

"பாரம் தூக்குவியளோ அண்ணை?"

"தூக்குவன்."

"ஏணியில ஏறுவியளோ?"

"ஓம்."

"நல்லது. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. ஆவணிதான் எங்களுக்கு முழுச் சீசன். சனி ஞாயிறு ஒண்டும் தப்பாது. ஆவணியில நிப்பியளோ?"

ஓம் என்றால் வேலை. அந்த ஓமைப் பிறகு மாற்றவும் முடியும். இதற்கு முன் நாலைந்து முதலாளிகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"ஆவணியில நான் நிக்க மாட்டன். மகளின்ர கலியாணம், திருச்சியில."

"ரிக்கற் போட்டாச்சோ?"

"இல்லை."

"விசா?"

"பாஸ்போட்டே இன்னும் இல்லை."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப எப்பிடி அண்ணை இவ்வளவு உறுதியாச் சொல்லுறியள்?"

"தாரை வாக்கிறதுக்கு என்ர பேரை அடிக்கச் சொல்லப் போறன்."

"இன்னும் சொல்லேல்லையோ?"

"இப்பத்தான் சொல்லப் போறன்."

அவர் சிரித்துவிட்டு, ஆடி முடியும்வரை நில்லுங்கோ, பிறகு பாப்பம் என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தர்சினிக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அங்கே பின்னேரம். உடனே பார்த்துவிட்டாள். பதில் எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, திரும்பக் காட்டியது. நான் வாசிக்கக் காத்திருக்கவில்லை. மணவறைத் தூண்கள் நாலு வாசலில் கிடந்தன, தங்கப்பூச்சு, ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். மண்டபம் பத்து மணிக்குத் திறக்க வேண்டும் என்றார்கள். முதலாவதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வான் வண்டிக்கு நடந்தேன்.